துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்கான அமைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் விசுவாசத்துக்காகக் கொல்லப்படுகிறார்கள் என்று சபையில் சொன்னார்களே, உண்மையா?

பதில்: அமெரிக்க ஆய்வு மையம் ஒன்று பத்தாண்டுகளுக்குப் பத்து லட்சம் என்று மதிப்பிட்டதை யாரோ பத்தால் வகுத்ததில் பிறந்த எண் அது. அந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதி காங்கோ உள்நாட்டுப் போரில் மாண்டவர்கள். அங்கே கொன்றவர்களிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம். கிறிஸ்தவர்கள் அதிகம் துன்புறுத்தப்படும் நாடுகளை வரிசைப்படுத்தும் ஓப்பன் டோர்ஸ் அமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பட்டியல் சொல்வது, ஓராண்டில் 4,476 பேர். அவர்களில் 3,100 பேர் நைஜீரியாவில் இறந்தவர்கள். யார், எப்படி எண்ணினார்கள் என்று தெரியாத எண்ணைத் தயவுசெய்து பிறருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: கொலைகள் நைஜீரியாவில் நடக்க, பட்டியலில் வட கொரியா முதலிடத்தில் இருப்பது ஏன்?

பதில்: தனிவாழ்க்கை, குடும்பம், சமூகம், தேசம், சபை ஆகிய ஐந்திலும் உள்ள நெருக்கடிக்கும், ஆறாவதாக வன்முறைக்கும் சம அளவில் மதிப்பெண் தரப்படுவதால், வேதாகமத்தை ஒளித்து வைக்கவும் அஞ்சும் நாடு முன்னே நிற்கிறது. 2002 முதல் அப்படித்தான். 2022இல் மட்டும் ஆப்கானிஸ்தான் முந்தியது.

கேள்வி: எந்த அமைப்புக்குப் பணம் அனுப்பலாம்?

பதில்: நான் எதையும் பரிந்துரைப்பதில்லை, செய்யும் வேலையைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். ஜெர்மானிய அகதிகளுக்கு உணவு திரட்ட 1947இல் வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற பாதிரியார் தொடங்கிய எய்ட் டு தி சர்ச் இன் நீட் இன்று ஆலயப் பணிகளுக்கு உதவுகிறது. கிறிஸ்டியன் சாலிடாரிட்டி வேர்ல்ட்வைடு எல்லா மதத்தாரின் உரிமைக்காகவும் அரசுகளிடம் வாதாடுகிறது. எண்ணைப் போலவே கணக்கையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சூடானில் அடிமைகளை விலைகொடுத்து மீட்டதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

பதில்: சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் சாலிடாரிட்டி இன்டர்நேஷனல் 1995 முதல் இதைச் செய்தது. தெற்கில் பிடித்துச் செல்லப்பட்ட டிங்கா இனப் பெண்களையும் பிள்ளைகளையும் இடைத்தரகர்கள் திரும்பக் கொண்டுவர, தலைக்குச் சுமார் 50 டாலர் கொடுக்கப்பட்டது. பணம் புழங்கினால் பிடிப்பதற்கும் ஆள் கூடும் என்று 1999இல் யுனிசெஃப் கண்டித்தது. அடிமைகளே அல்லாதவர்களை வரிசையில் நிறுத்திப் பணம் பறித்தார்கள் என்ற செய்திகள் 2002இல் வந்தன. அமைப்பு அதை மறுத்தது. நான் யுனிசெஃப் பக்கம்.

கேள்வி: உங்கள் மகள் அங்கே இருந்தாலும் இப்படித்தான் பேசுவீர்களா?

பதில்: வீட்டை விற்றாவது மீட்பேன். ஆனால், ஒரு தகப்பன் ஒருமுறை கொடுக்கும் பணத்தை நம்பி எவனும் அடுத்த ஊரைக் கொள்ளையிடப் போக மாட்டான். பணப்பையோடு மறுபடி மறுபடி விமானத்தில் வந்திறங்கும் அமைப்பை நம்பிப் போவான்.

கேள்வி: அப்படியானால் அடிமைத்தனமே பொய் என்கிறீர்களா, ஐயா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்டதும், மீண்டவர்களில் பலர் உண்மையான அடிமைகளாக இருந்ததும் மெய். உலகம் பேசாதிருந்த காலத்தில் அந்த அமைப்புதான் உரக்கப் பேசியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வழிமுறையைத்தான் குறை சொல்கிறேன்.

கேள்வி: மத நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற பாகிஸ்தான் கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியை வெளிநாட்டு மனுக்கள்தான் காப்பாற்றினவா?

பதில்: வழக்கு மறக்கப்படாதிருக்க அவை உதவின. 2018 அக்டோபர் 31 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது சாட்சியங்களின் முரண்களால். அங்கே அவருக்காக வாதாடியவர் சைஃபுல் மலூக் என்ற முஸ்லிம் வழக்கறிஞர். ஆசியா பீபிக்காகப் பேசிய பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீரும் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011இல் கொல்லப்பட்டதை, இங்கிருந்து கையெழுத்திடுபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: உறவினர் ஒருவருக்கு ஐரோப்பாவில் அடைக்கலம் கிடைக்குமா?

பதில்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: நம்பிப் பணம் அனுப்ப ஓர் அமைப்பின் பெயர் சொல்லுங்களேன்?

பதில்: மூன்றாவது பதிலைப் படியுங்கள்.