ஏற்றுமதி கேள்வி - பதில்: நியூ ஜெர்சியா, சிங்கப்பூரா?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சுங்குடிப் புடவை விற்கிறேன். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாடிக்கையாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இங்கிருக்கும் சொந்தக்காரர் யாராவது ஜிபே பண்ணுவார்கள். நான் ‘கிஃப்ட்’ என்று எழுதிக் கூரியரில் போட்டுவிடுவேன். இனி முறையாகச் செய்ய ஆசை. நாத்தனார் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்தே தொடங்கலாமா?
- வாசகி, சின்னாளபட்டி

பதில்: வேண்டாம். முதலில் சிங்கப்பூர். நாத்தனார் கோபித்துக்கொண்டால் நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கொடுத்துச் சமாளியுங்கள்.

800 டாலர் வரையிலான பார்சல் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எந்த நாட்டுக்கும் இல்லை. நம் அஞ்சல் துறையே அப்போது அமெரிக்கப் பார்சல் வாங்குவதை நிறுத்திவிட்டு அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. 1,200 ரூபாய்ப் புடவைக்காகக் காத்திருப்பவரிடம் கூரியர்காரர் வரியும், அதற்கு மேல் தன் கட்டணமும் கேட்டால், “எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க” என்பார். திரும்பி வரும் செலவு உங்கள் தலையில். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், வரியை நீங்களே முன்கூட்டிக் கட்டும் முறையில் அனுப்புங்கள். கூரியர் ஆபீஸில் டிடிபி என்று கேட்டால் புரியும். அந்த வரியையும் விலையில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் புடவைக்குச் சுங்கவரி கிடையாது. ஜிஎஸ்டி 9 சதவீதம் உண்டு. ஆனால் விமானத்திலோ தபாலிலோ வரும் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அதை எல்லையில் வசூலிப்பதில்லை. 2023 முதல் பெரிய வெளிநாட்டு விற்பனையாளர்கள் விற்கும்போதே அதை வாங்கிக் கட்ட வேண்டும். பெரியவர் என்றால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேலும், அதில் சிங்கப்பூருக்கு மட்டும் 1 லட்சத்துக்கு மேலும் விற்பவர். அந்த உயரத்துக்கு வரும்போது எனக்கும் ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புங்கள்.

அந்த ‘கிஃப்ட்’ பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவன் சொல்கிறேன்: ஒரே முகவரியிலிருந்து வாராவாரம் அன்பளிப்பு போனால் யாரும் நம்ப மாட்டார்கள். விலையைக் குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் அந்த விலைக்குத்தான். இன்வாய்ஸில் வெறுமனே ‘சாரி’ என்று போடாதீர்கள். பருத்திப் புடவை, தைக்காதது, எத்தனை, ஒன்றின் விலை, ஹெச்எஸ்என் எண் (சரக்கு என்ன வகை என்று காட்டும் குறியீடு) எல்லாம் வரட்டும். அந்த எண்ணில் முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது. தைத்த பிளவுஸ் சேர்த்து அனுப்பினால் அதைத் தனி வரிசையில் எழுதுங்கள். புடவை துணிக் கணக்கு, பிளவுஸ் ஆயத்த ஆடைக் கணக்கு.

பேப்பர் வேலை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஏற்றுமதியாளருக்கான ஐஇசி எண்ணுக்கு, வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 500 ரூபாய். எதுவும் மாறாவிட்டாலும் வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்ய வேண்டும், விட்டால் எண் முடங்கிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போடலாம்; அதையும் நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தபாலில் அனுப்புவதானால் அருகில் எந்தத் தபால் நிலையத்தில் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஏற்றுமதிப் படிவத்தை அங்கேயே ஆன்லைனில் போடலாம்.

சரி, ஜிபே? சொந்தக்காரர் போடும் பணம் உள்ளூர்ப் பணம்தான். ஏற்றுமதி பில்லுக்கு எதிரே வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கியின் அத்தாட்சி வேண்டும். ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் வெளிநாட்டு கார்டு வசதியைக் கேட்டு வாங்குங்கள். கமிஷன் கூடுதல்தான், விலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கடை முறுக்கை ஆன்லைனில் அமெரிக்காவுக்கு விற்க முடியுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். தயாரிப்புக்கூடத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவில் பதிவு செய்து, இரட்டைப்படை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் உங்களுக்கு ஒரு ஏஜென்ட் இருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் எஃப்டிஏவுக்கு முன்னறிவிப்பு வேறு கொடுக்க வேண்டும். இரண்டு கிலோ பார்சலுக்கு இந்தப் பாடு கட்டுபடியாகாது. அங்கே இந்திய மளிகை இறக்குமதி செய்பவர் யாரையாவது பிடித்து மொத்தமாக அனுப்பப் பாருங்கள்.