பறவை மனிதனை ஆட்டத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். புது கேம்பைனுக்கு, அதாவது புதுத் தொடர்கதைக்கு, ஒருவர் தன் கேரக்டருக்கு ஆரக்கோக்ரா என்ற பறவை மனித இனம் கேட்கிறார், இன்னொருவர் டார்ட்டில் என்ற ஆமை மனித இனம். பழைய ஆட்டக்காரர்கள் இருவர், "மனிதன், எல்ஃப், டுவார்ஃப் போதும். இதையெல்லாம் விட்டால் வண்டலூர் ஜூ ஆகிவிடும்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
வாசகர், வேளச்சேரி

பதில்: இரண்டு கோரிக்கையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டார்ட்டிலுக்கு இன்றே சரி சொல்லிவிடலாம். ஆமை ஓட்டுக்கு ஏசி (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்) 17 என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆள் கவசம் அணிய முடியாது, டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்புக்கான எண்) அதில் சேராது. செயின் மெயில் என்ற இரும்புக் கவசம் போட்ட ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) முதல் லெவலிலேயே 16 உண்டு.

ஆரக்கோக்ரா விஷயம் அப்படியில்லை. நீங்கள் யோசித்து வைத்த பள்ளம், ஆறு, கோட்டைச் சுவர் எல்லாவற்றையும் முதல் லெவலிலேயே தாண்டிப் பறந்துவிடும். 2015இல் வந்தபோது அதன் பறக்கும் வேகம் ஒரு முறைக்கு 50 அடி. 2022இல் நடை வேகத்துக்குச் சமமாக 30 அடி ஆக்கினார்கள். 2022 வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பறப்பதற்குத் தடை போட வேண்டாம். கீழே விழும் விதியை மட்டும் ஒருமுறைகூடத் தளர்த்தாமல் நடத்துங்கள்.

8 ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) உள்ள ஆரக்கோக்ரா விசர்ட் (மந்திரவாதி) 30 அடி உயரத்தில், அதாவது மூன்று மாடி உயரத்தில், பறக்கிறார் என்று வைப்போம். கோப்லின் என்ற குட்டி எதிரியின் ஷார்ட்போ (சிறு வில்) 80 அடி வரை தடுமாறாமல் எய்யும். இரண்டு அம்பு பட்டால் பெரும்பாலும் ஹிட் பாயின்ட் 0, நினைவு போய் விழுவார். விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுக டைஸ் சேதம், ஆக மூன்று டைஸ். 0இல் கிடப்பவருக்கு ஒரே அடியில் அவருடைய முழு ஹிட் பாயின்ட் அளவு சேதம் வந்தால், டெத் சேவ் (பிழைக்கிறாரா என்று பார்க்க உருட்டும் டைஸ்) இல்லாமல் உடனே சாவு. மூன்று டைஸில் 8 அல்லது அதற்கு மேல் விழ 100க்கு 84 வாய்ப்பு. 10 அடியில் பறந்தால் ஒரே டைஸ், அதிகபட்சம் 6. உடனடிச் சாவு கிடையாது, டெத் சேவில் ஒரு தோல்வி மட்டும். இந்தக் கணக்கை ஆட்டம் தொடங்கும் முன்பே அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பாதியில் சொன்னால் பழிவாங்குவதாகத் தோன்றும்.

பழைய நண்பர்களின் வருத்தத்தைத் தள்ளிவிடாதீர்கள். இன்று யாரும் கேள்வி கேட்காத டிராகன் மனித இனமான டிராகன்பார்னே முதன்மை விதிப்புத்தகத்துக்குள் வந்தது 2008இல்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். ஆனால் உலகத்தில் வேர் இல்லாத கேரக்டர் கதையைக் குலைக்கும் என்பதில் அவர்கள் சொல்வது நியாயம். அதனால் புது இனம் கேட்பவரிடம் மூன்று பதில் வாங்குங்கள்: இவருடைய ஆட்கள் இந்த ஊரில் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள், யார் இவர்களுக்கு வீடு தர மறுக்கிறார்கள், என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள். இதற்குப் பதில் வந்துவிட்டால் எதிர்ப்பு பாதி அடங்கும். பதில் வரவில்லையென்றால் அவருக்குப் பிடித்தது இறக்கை மட்டும்தான். அப்போது வேறு இனம் தேடச் சொல்லுங்கள்.

நீங்கள் 2024 விதிப்புத்தகத்தின்படி ஆடினால் இன்னொன்று. அதில் எபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்றவற்றுக்கான எண்) கூடுவது கேரக்டரின் பின்னணியால், இனத்தால் அல்ல. பழைய புத்தகத்து இனத்தை எடுப்பவர் அதிலுள்ள கூடுதலை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு முறை கூட்டிவிடுவார். கேரக்டர் ஷீட்டை வாங்கியதும் முதலில் அந்த வரியைச் சரிபாருங்கள்.