பின்வரிசையில நிக்கிறவன் கம்போசர் ஆகலாமா?

அன்பு அண்ணாவுக்கு,

போன கிழமை ஆர்கெஸ்ட்ரா பத்தி நீங்க எழுதினதை வாசிச்சேன். நான் பொகவந்தலாவை பக்கம், ஏ.எல் எழுதிட்டு இருக்கேன். மாசியில காமன் கூத்துக்கு தப்பு மேளம் அடிப்பேன், டவுன்ல ஒரு பேண்ட்ல ட்ரம்ஸும் வாசிக்கிறேன். யூடியூப்ல பார்த்தா ஆர்கெஸ்ட்ராவில ட்ரம்காரங்க கடைசி வரிசையில முக்கால்வாசி நேரம் சும்மாதான் நிக்கிறாங்க. அப்பிடி நிக்கிறவன் இசை எழுதுற கம்போசர் ஆக முடியுமா? தப்பை தொட்டவன் எவன்டா முன்னுக்கு வந்தான்னு மாமா வேற கேக்குறார்.

– ஒரு வாசகர்

அன்பு தம்பி,

ஆகலாம், ஆகியிருக்காங்க. வில்லியம் கிராஃப்ட்னு ஒருத்தர், 1923ல சிகாகோவில பொறந்தவர், 2022 வரைக்கும் இருந்தார். நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில டிம்பனி, அதாவது சுருதி சேர்க்கிற பெரிய அண்டா மாதிரி ட்ரம், வாசிச்ச சால் குட்மன்கிட்ட பாடம், கொலம்பியா யூனிவர்சிட்டியில கம்போசிஷன் படிப்பு. 1955ல லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்ல சேர்ந்து 26 வருஷம் அந்தப் பின்வரிசையிலதான், முதல்ல பலதும் தட்டுற ஆளா, பிறகு டிம்பனிக்குத் தலைமையா. 1981ல அதே ஆர்கெஸ்ட்ரா அவரை தங்களோட கம்போசரா வச்சுக்கிச்சு. அதுக்கப்புறம்தான் எழுத ஆரம்பிச்சார்னு நினைச்சிராதீங்க, வாசிச்ச காலம் பூரா எழுதிக்கிட்டேதான் இருந்தார்.

சும்மா நிக்கிறாங்கன்னீங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. டிவோர்ஷாக்கோட ஒன்பதாவது சிம்பனி, 1893ல நியூயார்க்ல முதல்ல வாசிச்சது, கிட்டத்தட்ட முக்கால் மணித்தியாலம் போகும், அதுல சிம்பல்ங்கிற பெரிய தாளத்தட்டுக்கு ஒரே ஒரு தட்டு, அதுவும் கடைசி பாகத்துல, மெதுவா. அந்த ஒண்ணுக்காக மனுசன் தாளத்தை எண்ணிக்கிட்டே நிக்கணும். வயலின்காரருக்கு தன் வேலையே சரியா இருக்கும், பின்னால நிக்கிறவருக்கோ யாரு எங்க நுழையிறா, எங்க அடங்குறா, எதுக்கு மேல எது ஏறி நிக்குதுன்னு எல்லாம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு, அதை 26 வருஷம் கேட்ட ஆளுக்கு எழுத வராம போனாத்தான் அதிசயம்.

டிம்பனிக்காரர் பாடு இன்னும் கஷ்டம். மத்தவங்க ஒரு சுருதியில வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவர் அடுத்து வரப்போற சுருதிக்கு பெடலை மிதிச்சு, குனிஞ்சு தோல்கிட்ட காதை வச்சு, யாருக்கும் கேக்காம விரலால தொட்டுப் பார்க்கணும். கூத்து நடக்கும்போது பனி எறங்கி தப்பு தொய்ஞ்சு போனா சருகை கொளுத்தி காய்ச்சி, தட்டிப் பார்த்து, பத்தலைன்னா திரும்ப காய்ச்சுறீங்கல்ல, அந்தக் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கு. டிம்பனியிலயும் முந்தி கன்னுக்குட்டி தோல்தான், ஈரம் பட்டா எறங்கிரும், இப்ப பெரும்பாலும் பிளாஸ்டிக். கிராஃப்ட் 1983ல டிம்பனியை முன்னால வச்சு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின கன்சர்ட்டோவில ஒரு இடத்துல குச்சியே கிடையாது, கையுறை போட்டுக்கிட்டு விரலால வாசிக்கணும். தோலைத் தொட்டுத் தொட்டுப் பழகின ஆளுக்குத்தான் இந்த மாதிரி யோசனை எல்லாம் வரும்.

மாமா விஷயத்துக்கு வாறேன். ஆர்கெஸ்ட்ராவில பின்வரிசையில வைக்கிறது சத்தத்துக்காக, முன்னால நின்னா வயலின் கேக்காது, அவ்வளவுதான். நம்ம தேயிலைத் தோட்டங்கள்ல தப்புக்காரரை தள்ளி நிக்க வச்சது சாதிக்காக. முந்தி காலையில வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்கு தப்புச் சத்தம் கேட்டுத்தான் லயத்து வீடுகளே எழும்பும், சாவு வீடும் திருவிழாவும் அது இல்லாம நடக்காது, ஆனா அடிச்சவருக்கு மரியாதை வாசலோட சரி. மாமா பார்த்து வளர்ந்தது அதை. உங்க மேல உள்ள அக்கறையிலதான் சொல்றார், கோவிச்சுக்காதீங்க, ஆனா அதுக்காக தப்பை தூக்கி மூலையில போட்டுராதீங்க.

ஒண்ணு மட்டும் உடனே செய்யுங்க, ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டுல இசையை எழுதுற முறை, கத்துக்கோங்க. டவுன்ல சர்ச் ஆர்கன் வாசிக்கிறவர் யாராவது இருப்பார், அவர்கிட்ட கேட்டாலே போதும், அடிப்படைக்கு பெரிய செலவு எல்லாம் ஆகாது. கொழும்புல 1958ல இருந்து ஒரு சிம்பனி ஆர்கெஸ்ட்ரா இருக்கு, வசதிப்பட்டா ஒரு கச்சேரிக்கு போய் பின்வரிசையை மட்டுமே பார்த்துக்கிட்டு இருங்க. பிறகு காமன் கூத்துல ரதி மதன் ஆட்டத்துக்கு நீங்க அடிக்கிற அடியை பேப்பர்ல எழுதிப் பாருங்க, எழுத வராம எங்க இடிக்குதோ அந்த இடத்தை மட்டும் போன்ல ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க.