ஆப்பிரிக்காவிலிருந்து, பாலைவனமான அரேபியா வழியாக ஆதி மனிதர்கள் எப்படி வந்திருக்க முடியும்?

அப்போது அது பாலைவனமாகவே இல்லை. சவுதியின் நெஃபுத் பாலையில், அல் வுஸ்தா என்ற இடத்தில், தொல்லியலாளர் மைக்கேல் பெட்ராக்லியாவின் குழு 2016-இல் ஒரு மனித விரல் எலும்பைக் கண்டெடுத்தது. நீளம் 3.2 செ.மீ.தான். யுரேனியம் சிதைவை வைத்து எலும்பையே நேரடியாகக் கணித்ததில், வயது 85,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரிந்தது.

எனக்கு விரலைவிட முக்கியமாகப் படுவது அது கிடந்த மண். பழைய ஏரிப் படிவு அது. நன்னீர் நத்தை ஓடுகள், கல் கருவிகள், அப்புறம் நீர்யானை எலும்பு! நீர்யானை பிழைக்க வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டுமே. கோடைப் பருவமழை வடக்கே நகர்ந்த காலங்களில் அங்கே ஏரிகளும் புல்வெளியும் இருந்தன. விலங்குகள் வந்தன, மனிதர்களும் வந்தார்கள். மழை விலகியதும் வழி அடைபட்டது. அதனால்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே தடவையில் கிளம்பிவிட்டார்கள் என்ற பழைய கதையை அப்படியே ஏற்க முடியவில்லை.