வீட்டுக் கணக்கில் விடுபட்ட பக்கம்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். குடித்துவிட்டு என்னை அடித்தவர், இப்போது எட்டு வயது மகனையும் அடிக்கிறார். தனியே போனால் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என் கூலி போதாது என்றுதான் பொறுத்திருக்கிறேன். என்ன வழி?

பதில்: தனியே போனால் ஆகும் செலவைக் கணக்கிட்ட நீங்கள், அங்கேயே இருப்பதால் ஏற்கெனவே ஆகிவரும் செலவை எழுதவில்லை. அடிபட்ட மறுநாள் வேலைக்குப் போகாததால் போன கூலி, மருந்துக்கடை பில், உடைந்த செல்போன் என்று அது நீளும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இந்த இழப்புகளையும், உங்களுக்கும் மகனுக்குமான ஜீவனாம்சத்தையும் கணவரிடமிருந்து பெற வழிசெய்கிறது. ஆகவே தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, பில்களோடு அதை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், வீட்டில் வேண்டாம்.

வெளியேற வேண்டியவர் நீங்கள்தான் என்பதும் கட்டாயமில்லை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 19ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் அவரை வெளியேறச் சொல்லலாம், அல்லது உங்களுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கட்டும்படி உத்தரவிடலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் கணக்கெல்லாம் பிறகு. உடனே பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள், மகனுக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும்.

மனுவை மாவட்டச் சமூகநல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலர் மூலம் கொடுக்கலாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுத்துக்கொண்டே போவதுண்டு என்பதால், 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவையும், 21ஆம் பிரிவின்கீழ் மகனைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடுவதையும் சேர்த்தே கேளுங்கள். ஜீவனாம்சத்தை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் கூறியிருக்கிறது. மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

உத்தரவு வந்தும் அவர் பணம் தராவிட்டால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக உங்களுக்குக் கொடுக்கும்படி அவருடைய நிறுவனத்துக்கே நடுவர் உத்தரவிட முடியும். மாதச் சம்பளக்காரர் என்பது இங்கேதான் உங்களுக்குச் சாதகம். அவருடைய சம்பளச் சீட்டு கண்ணில் பட்டால், பாதுகாப்பாக முடியும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.