ஆம்ப் அவர் வீட்டில் இருக்கிறதா, போனில் மட்டும் இருக்கிறதா?

பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர், ரெக்கார்டு சுற்றும் டர்ன்டேபிள் என்று வாங்கி விற்பதில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழில் இல்லை, பைத்தியம். அதில் இரண்டு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு கதையைக் கீழே சொல்கிறேன். இன்னொன்றை வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை. ஆன்லைனில் செகண்ட்ஹேண்ட் ஹை-எண்ட் சாமான் வாங்கப் போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

கேள்வி (கோவை): அண்ணா, ரோஜர்ஸ் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி 45 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. விற்பவர் ராணுவ அதிகாரியாம், ஜெய்ப்பூரிலிருந்து டிரான்ஸ்ஃபர். ஐடி கார்டு, கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் நான் கேட்காமலே அனுப்பிவிட்டார். அட்வான்ஸ் பத்தாயிரம் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். "கேட்காமலே அனுப்பிவிட்டார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. முகம் தெரியாத ஆளுக்கு ஆதாரை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? அந்த அட்டைகள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏமாந்த யாரோ ஒருவருடையவை. "வெரிஃபிகேஷனுக்கு உங்களுடையதும் அனுப்புங்கள்" என்று அடுத்துக் கேட்பார். அனுப்பினால், அடுத்த ஆளிடம் உங்கள் பெயரில் ஸ்பீக்கர் விற்பார். ராணுவ வேஷம் பழைய ஸ்பீக்கருக்கு மட்டும் இல்லை. புல்லட், ஏசி, சோபா எல்லாவற்றையும் இதே கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

விலையையும் பாருங்கள். பிபிசியே தன் தேவைக்காக வடிவமைத்த அந்தச் சின்ன ஸ்பீக்கர், நல்ல நிலையில் இருந்தால் லட்சத்தைத் தாண்டித்தான் கைமாறும்.

ஆளைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருக்கும். பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். "முன்பக்கத் துணியைக் கழற்றி ஒரு படம், பின்பக்கம் சீரியல் நம்பர் தெரிய இரண்டு பெட்டிக்கும் ஒரு படம்" என்று கேளுங்கள். துணியைக் கழற்றினால் கேஇஎஃப் கம்பெனியின் பி110 வூஃபர் (கீழ் ஒலிக்கான பெரிய கூம்பு) கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். மேலே மெல்லிய ஒலிக்கான டி27 ட்வீட்டர், அதன் மேல் துளைபோட்ட சின்ன உலோகத் தொப்பி, சுற்றிலும் கனமான கம்பளிப் பட்டை. பழைய ரோஜர்ஸ் ஜோடி என்றால் இரண்டிலும் ஒரே எண்ணும், கடைசியில் ஏ, பி என்றும் இருக்க வேண்டும். பெட்டி உண்மையிலேயே வீட்டில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிஷ வேலை. இல்லாதவர் உங்களிடம் கோபப்படுவார்.

கேள்வி (திருச்சி): பேப்பரில் என் பெயரும் தேதியும் எழுதி, பொருள் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டார். இது போதும்தானே சார்?

பதில்: சில வருஷம் முன்னால் கேட்டிருந்தால் போதும் என்றிருப்பேன். இப்போது போன் வைத்திருக்கிற யாரும் ஏஐயிடம் சொல்லி, ஒரு படத்தின் மேல் துண்டுச் சீட்டை ஒட்டிவிடலாம். நிழல்கூடச் சரியாக விழுகிறது.

அதனால் நான் வீடியோ காலுக்கு மாறிவிட்டேன். அதிலும் சும்மா காட்டச் சொல்வதில்லை, வேலை கொடுப்பேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டைலஸ் (ஊசி) பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கை அழுத்தி எழுப்பச் சொல்வேன். பிறகு தட்டைச் சுற்றவிட்டு, வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்த்தச் சொல்வேன். விளிம்புப் புள்ளிகள் ஓடுகிற திசை மாறுவது கேமராவில் கொஞ்சம் மினுக்கலோடு தெரியும். பிறகு நிறுத்தி, தட்டைத் தூக்கித் திருப்பச் சொல்வேன். அந்த மாடலில் மோட்டாரின் காந்தம் தட்டின் அடியிலேயே இருக்கும், வட்டமாக. கடைசியில் பின்பக்கத் தகட்டுக்குப் போய், கட் பண்ணாமல் அப்படியே அவர் முகத்துக்கு வரச் சொல்வேன். அடுத்து என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரியாது. அதுதான் முக்கியம், ஏனென்றால் முன்கூட்டி எடுத்து வைத்த வீடியோவை வைத்து இதைச் சமாளிக்க முடியாது.

ஆம்ப் என்றால் பாட்டு ஓடும்போதே பேலன்ஸை முழுக்க இடதுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். சிடி பிளேயர் என்றால் டிரேயைத் திறந்து மூடச் சொல்லுங்கள்.

"கேமரா ரிப்பேர்", "சிக்னல் இல்லை" என்றால் சரி, நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிடுங்கள். உண்மையான ஆள் நாளைக்கும் இருப்பார். மற்றவர் "இன்னொருத்தர் பணம் போடப் போகிறார்" என்று ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போடுவார்.

கேள்வி (மதுரை): கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், அந்தப் படம் வேறெங்கும் இல்லை. அப்போ படம் ஒரிஜினல்தானே?

பதில்: கிடைத்தால் திருட்டுப் படம் என்று சொல்லலாம், கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. படத்தை இடவலமாகத் திருப்பி, ஓரத்தை வெட்டிவிட்டால் தேடலுக்குச் சிக்காமல் போகலாம். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிகிறதா, வால்யூம் குமிழ் வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பேன். போன வருஷம் சேலம் என்று போட்டிருந்த ஒரு ஜப்பான் ஆம்ப். கீழே டடாமி என்கிற ஜப்பானியப் பாய் விரித்த அறை, சுவரில் இரண்டு தட்டைக் காலுக்கான பிளக் பாயின்ட். நம்மூரில் மூன்று உருண்டைக் காலும் பக்கத்தில் ஒரு சுவிட்சும் இருக்கும். "சேலத்தில் எந்தத் தெரு சார்?" என்று கேட்டேன். பிளாக் பண்ணிவிட்டார்.

கேள்வி (பெங்களூரு): ஜப்பானில் வாங்கிய லக்ஸ்மேன் ஆம்ப், "அப்படியே மாட்டிக் கேட்கலாம்" என்கிறார். பின்னால் 100 வோல்ட் என்று இருக்கிறது.

பதில்: மாட்டினால் புகைதான் வரும். 230-லிருந்து 100-க்கு இறக்க, ஆம்ப் இழுக்கும் வாட்ஸைவிடத் தாராளமான கொள்ளளவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இவர் மோசடிக்காரர் இல்லை, பொருள் அவரிடம் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தவர் வேறெதை மறைத்தார் என்று ஒரு தடவை யோசியுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றியிருக்கிறதா, எங்கே வாங்கி மாற்றினார்கள் என்று கேளுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்கிற டிரான்சிஸ்டர் இரண்டிலும் டூப்ளிகேட் உலகம் முழுக்க ஓடுகிறது.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): ஆம்பில் போடும் டெலிஃபங்கன் ஈசிசி83 வால்வு (கண்ணாடிக் குழாய்) நான்கு கிடைக்கிறது, புத்தம் புதிதாம். லோகோ பளிச்சென்று இருக்கிறது.

பதில்: பளிச்சென்று இருப்பதுதான் உறுத்துகிறது. அந்தக் காலத்து எழுத்து, கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். சாதாரண வால்வில் பழைய கம்பெனிப் பெயரை அச்சடித்து விற்பது பெரிய வேலையே இல்லை. வால்வைக் கவிழ்த்து, கால்களுக்கு நடுவே கண்ணாடியின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெலிஃபங்கன் தானே செய்த வால்வில் அங்கே சின்னதாக ஒரு வைர வடிவம் கண்ணாடியிலேயே வார்த்திருக்கும், அச்சில்லை. முல்லார்டு கம்பெனி வால்வு என்றால் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாக இரண்டு வரி ஃபேக்டரிக் குறியீடு இருக்கும்.

கேபிள் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நார்டோஸ்ட் மாதிரி பெயர்களில் போலி அவ்வளவு இருக்கிறது. நான் செகண்ட்ஹேண்ட் கேபிள் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

கேள்வி (ஓசூர்): இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள்?

பதில்: வீடியோ கால் எல்லாம் வழக்கத்துக்கு வராத காலம். ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப் ஒன்று, 22 கிலோ. விற்றவர் பாட்டைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசினார். மூன்று ராத்திரி பேசினோம். "பார்சல் போட்டுவிட்டேன், எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி பாருங்கள், திருப்தியானால் பணம் போடுங்கள்" என்றார். இதைவிட நியாயமான ஆள் யார்? எல்.ஆர். நம்பரை பார்சல் ஆபீஸில் கேட்டேன், சரக்கு ஏறிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை, பேங்க் மூடுவதற்குள் ஓடிப்போய் மொத்தமும் கட்டினேன்.

திங்கட்கிழமை பார்சல் ஆபீஸ் பையன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. உள்ளே இந்தித் தினசரியில் சுற்றிய ஒரு பழைய டிவிடி பிளேயர். எல்.ஆரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "எடை: 4 கிலோ" என்று தெளிவாக எழுதியிருந்தது. பெயர், ஊர், நம்பர் எல்லாம் பத்து தடவை பார்த்த நான் அந்த ஒரு கட்டத்தைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து எந்த மாடலாக இருந்தாலும் கம்பெனி சொல்லும் எடையை முதலில் எழுதி வைத்துக்கொள்வேன். பார்சல் சீட்டில் எடை அதைவிடக் கூடத்தான் இருக்க வேண்டும், பெட்டியும் தெர்மாகோலும் சேர்வதால்.

கேள்வி (கும்பகோணம்): தம்பி, நான் வாங்குகிற ஆள் இல்லை. நகாமிச்சி கேசட் டெக் ஒன்று விற்கிறேன். வாங்குகிறவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கு வரும்" என்கிறார். பையன் வெளியூரில் இருக்கிறான்.

பதில்: ஸ்கேன் செய்யாதீர்கள் ஐயா. நமக்குப் பணம் வர ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று பேங்க் மாதிரியே ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரலாம். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், பேங்க் ஆப்பில் பேலன்ஸைப் பாருங்கள். ஆப் வராது என்றால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கே போய்விடுங்கள். அதுவரை டெக் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி (டொரொன்டோ): பேபாலில் நண்பர்களுக்கு அனுப்புகிற வழியில் போட்டால் கட்டணம் மிச்சம் என்கிறார் விற்பவர். இல்லையென்றால் இன்டராக் (கனடா பேங்குகளின் வழி) டிரான்ஸ்ஃபர்.

பதில்: நண்பர்கள் வழியில் போட்டால் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருளுக்கான வழியில் போடுங்கள், கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் முடியாது என்றால் காரணம் கட்டணம் இல்லை. அந்த வழியில் 180 நாளுக்குள் புகார் தொடங்கலாம். இன்டராக்கில் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம், நேரில் பொருளைத் தொட்ட பிறகு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (சென்னை): துபாயிலிருந்து டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) வருகிறது. சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸில் பிடித்துவிட்டார்களாம், 18,500 ரூபாயை ஒரு யுபிஐ நம்பருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பெண் பேசினார்.

பதில்: கஸ்டம்ஸ் டூட்டி தனிநபர் யுபிஐக்குப் போகாது. கஸ்டம்ஸ் அனுப்பும் கடிதத்தில் டின் என்கிற ஆவண எண் இருக்கும், அதை மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். துபாயில் டிஏசியே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி (ஊர் போட வேண்டாம்): இரண்டு மணி நேரம் முன்னால் 60 ஆயிரம் போட்டுவிட்டேன். இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டில் சொல்லவில்லை.

பதில்: இதை மேலும் படிக்காமல் 1930-க்கு அடியுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தத்தான் அந்த எண். யுடிஆர் நம்பர் (பணம் போன பரிவர்த்தனை எண்), தேதி, நேரம், தொகை எல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் பேங்க், அப்புறம் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். சாட்டை அழிக்காதீர்கள், அவரை மிரட்டாதீர்கள். நானூற்று இருபது என்று நாம் சொல்லிப் பழகிய பிரிவு 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது, ஸ்டேஷனில் அந்த எண்ணைச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் ஐயாயிரம்" என்று யாராவது வந்தால் அதுவும் அதே கும்பலாகத்தான் இருக்கும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். எனக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பெருந்துறை): ஈரோட்டில் ஒருத்தர் பெரிய ஸ்பீக்கர் ஜோடி வைத்திருக்கிறார். அட்வான்ஸ் வேண்டாம், பார்சல் போட மாட்டேன், வந்து கேட்டுப் பிடித்திருந்தால் எடுத்துப் போ என்கிறார். சரியாகவே பேச மாட்டேன் என்கிறார். இதில் என்ன பிடி இருக்கும் அண்ணா?

பதில்: ஒரு பிடியும் இல்லை, சிடுமூஞ்சி ஆளாக இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு ரெக்கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனியாக ஓடவிட்டு, ட்வீட்டர் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அதற்கு ஒரு விலை குறையுங்கள். பழைய ஜமுக்காளம் இரண்டு, கயிறு, கூடத் தூக்க ஒரு ஆள். மாடிப்படி அகலத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.