நாலு ஜிபி இருந்தும் 4கே ஓடாது

வணக்கமுங்க அண்ணா,

சோமனூர் பக்கம் வீடு, வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. ஆபீஸில் கழித்துக்கட்டிய சின்ன சைஸ் கம்ப்யூட்டர் ஒன்றை (ஐ5, 4ஆம் தலைமுறை) வாங்கி ஹாலில் 4கே டிவியோடு மாட்டியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் 4கே படம் திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் வேறு கத்துகிறது. பகலில் தறிச் சத்தத்தில் தெரியாது, ராத்திரி தறி நின்றதும் தாங்க முடிவதில்லை. கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று காந்திபுரத்தில் விசாரித்தால் ஜிடி 730 கார்டே போதும், 4ஜிபி இருக்கிறது, ஜிடி 1030 வெறும் 2ஜிபி, விலையும் ஜாஸ்தி என்கிறார்கள். கேம் விளையாடுவதில்லை. சத்தம் போடாத, கரண்ட் தின்னாத கார்டு எதுங்க? பழையது வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

730 வேண்டவே வேண்டாம். படம் பார்க்கிற கார்டுக்கு ஜிபி கணக்கே தேவையில்லை, எந்த முறையில் சுருக்கிய வீடியோவைக் கார்டின் சிப் தானாகப் பிரித்துக் கொடுக்கும் என்பதுதான் கணக்கு. உங்களிடம் இருக்கும் 4கே படங்கள் அநேகமாக ஹெச்இவிசி 10 பிட் என்ற முறையில் சுருக்கியவையாகத்தான் இருக்கும். உங்கள் ஐ5க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது தெரியாது, அதனால் பிராசஸர் முழு மூச்சாக அதைப் பிரிக்கிறது, சூடாகிறது, அதன் ஃபேன்தான் கத்துகிறது. 730க்கும் அது தெரியாது. போதாக்குறைக்கு டிவிக்குப் போகும் அதன் ஹெச்டிஎம்ஐ இணைப்பு பழைய 1.4 என்பதால் 4கேயில் நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் போகாது, மவுஸை நகர்த்தினாலே எரிச்சல் வரும். அதாவது காசு கொடுத்து கார்டும் வாங்கி, பழைய சத்தத்தையும் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

1030 வந்தது 2017இல். ஹெச்இவிசி 10 பிட், யூடியூப்பின் விபி9 இரண்டையும் பிரிக்கும், ஹெச்டிஎம்ஐ 2.0பி இருப்பதால் 4கேயில் நொடிக்கு 60 ஃப்ரேம், வெளிச்சமும் நிறமும் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆர் எல்லாம் வரும். 30 வாட்தான், தனி பவர் கேபிள் வேண்டாம், ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு. ஆனால் ஒரு வில்லங்கம். இதே பெயரில் 2018இல் டிடிஆர்4 மெமரி போட்ட ஒன்றையும் விற்க ஆரம்பித்தார்கள், ஜிடிடிஆர்5 மெமரி போட்ட முதல் மாடலோடு பார்த்தால் அதன் மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள். ஏவி1 என்ற புதிய சுருக்க முறை இதில் வராது, அது ஒரு குறை. இதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் 580 வரிசையோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். படம் பார்க்க இது போதும்.

ஏவி1 கட்டாயம் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6ஜிபி மாடல், 70 வாட், இதற்கும் தனி கேபிள் வேண்டாம், ஆனால் படம் மட்டும் பார்க்கிறவருக்கு அது தண்டச் செலவு. இன்டெல்லின் ஆர்க் ஏ310 கார்டும் நல்ல சரக்குதான், ஆனால் உங்கள் பெட்டிக்குச் சரிவராது, 10ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றில் போடச் சொல்லி இன்டெல்லே சொல்வதில்லை. அவற்றுக்குப் பதில் என்100 சிப் போட்ட குட்டி கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம், 6 வாட் சிப், ஏவி1ஐயும் பிரிக்கும்.

கரண்ட் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். 30 வாட் கார்டு தினம் நாலு மணி நேரம் முழுச் சக்தியில் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம், 75 வாட் கார்டானாலும் 18 யூனிட். குறைந்த வாட் வேண்டும் என்று நான் சொல்வது பில்லுக்காக இல்லை. வாட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால்தான் ஃபேன் அடங்கும்.

இப்போது உங்கள் ஊர் விஷயம். தறிக்கொட்டகையை ஒட்டிய வீடு என்றால் முதலில் அந்த கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்கைப் பாருங்கள். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பஞ்சுத் தூசி கம்பளி போலத் திரண்டு அடைத்திருக்கும், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். இதைச் செய்தாலே பாதிச் சத்தம் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபேன் இல்லாத கார்டு என்பதால் தூசி பாதிக்காது என்றும் நினைக்க வேண்டாம், அதன் தகடுகளிலும் பஞ்சு படியும், சித்திரை வெயிலில் டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்தால் வெந்துபோகும். கதவு திறந்தே இருக்கட்டும், பின்பக்கப் பிளைவுட்டில் பெரிய ஓட்டையாகப் போட்டுவிடுங்கள்.

கார்டு போட்ட பிறகு படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் பிராசஸர் மட்டும் ஏறினால் பிளேயரில் ஹார்டுவேர் டிகோடிங் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழையது தாராளமாக வாங்கலாம், ஃபேன் இல்லாத கார்டில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உங்களுடையது சின்னப் பெட்டி, பாதி உயரக் கார்டுதான் ஏறும், அதைப் பெட்டியின் பின்பக்கம் திருகி மாட்ட குட்டையான தகடு ஒன்று தனியாகத் தருவார்கள், பழைய கார்டு விற்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொலைத்திருப்பார்கள். கடையிலேயே பிரித்துப் பார்த்து அது இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.